ஆபரேஷன் முடிந்தது, மிச்சம் இருக்கிறதா என்று ரத்தம் சொல்லுமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். என் அப்பாவுக்கு வயது 61. அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். ரத்தச்சோகை என்று காட்டப் போனவருக்குப் பெருங்குடலின் வலதுபக்கத்தில் புற்றுநோய்க் கட்டி இருப்பது தெரிந்தது. ஐந்து வாரங்களுக்கு முன் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். இரண்டாம் நிலை, டி3 (கட்டி குடல் சுவரின் தசையைத் தாண்டியிருக்கிறதாம்), எடுத்துப் பார்த்த 18 நெறிக்கட்டிகளிலும் நோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இப்போது எடுத்த சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை நார்மல். "கீமோ கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம், வீட்டில் பேசிவிட்டுச் சொல்லுங்கள்" என்கிறார் டாக்டர். அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகனோ, "உடம்பில் மிச்சம் இருக்கிறதா என்று ரத்தத்திலேயே கண்டுபிடிக்கிறார்கள், அதை எடுக்காமல் விட்டுவிடாதீர்கள்" என்று தினமும் போன் செய்கிறான். விசாரித்தால் ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். அம்மா வளையலை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். இந்த டெஸ்ட்டை எடுக்கத்தான் வேண்டுமா? நெகட்டிவ் என்று வந்தால் நிம்மதியாக இருந்துவிடலாமா? இன்னொன்று. அப்பாவிடம் "குடலில் கட்டி" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம். அவருக்குத் தெரியாமல் இதை எடுத்துப் பார்க்க முடியுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வளையல் இப்போதைக்கு அம்மா கையிலேயே இருக்கட்டும். லட்ச ரூபாய் டெஸ்ட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன், சில ஆயிரத்தில் முடிகிற ஒரு டெஸ்ட் நடந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

அதன் பெயர் எம்.எம்.ஆர். பரிசோதனை. எடுத்த கட்டியின் துண்டில் நான்கு புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயம் போட்டுப் பார்ப்பார்கள். செல் இரண்டாகப் பிரியும்போது டி.என்.ஏ.வில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்துகிற புரதங்கள் அவை. பயாப்ஸி (பெத்தாலஜி) ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்று நான்கு பெயர்கள் இருந்தால் அதுதான். அவற்றில் ஏதாவது "இல்லை" என்று வந்திருந்தால், இரண்டாம் நிலை நோயாளிக்கு அது பெரும்பாலும் நல்ல சேதி. அந்த வகைக் கட்டி திரும்ப வருவது குறைவு, வழக்கமாகக் கொடுக்கும் 5-எஃப்.யூ. கீமோவால் அதற்குப் பலனும் கிடையாது. இந்த வகை வலதுபக்கக் குடலில்தான் அதிகம் வருகிறது. உங்கள் அப்பாவுக்கும் வலதுபக்கம் என்பதால் சொல்கிறேன். அப்படி வந்திருந்தால், கீமோவா இல்லையா என்ற கேள்வியே ஏறக்குறைய முடிந்துவிடும். கூடவே, இது பரம்பரையாக வரும் லின்ச் குறைபாடா என்று பார்க்க வேண்டியிருக்கும். அது உங்களையும் உங்கள் உடன்பிறந்தவர்களையும் தொடுகிற விஷயம். எனவே அமெரிக்கத் தம்பி சொல்வதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

இரண்டாவது, சி.இ.ஏ. குடல் புற்றுநோய்க் கட்டிகள் பல ரத்தத்தில் சுரக்கும் ஒரு புரதம் அது. இப்போது நார்மல் என்கிறீர்கள். ஆபரேஷனுக்கு முன்னால் எவ்வளவு இருந்தது? அப்போது 20, 30 என்று இருந்து இப்போது 2 ஆகியிருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. முதலிலிருந்தே நார்மலாக இருந்திருந்தால், அவருடைய கட்டி சி.இ.ஏ.வைச் சுரக்காத ரகமாக இருக்கலாம். அப்படியானால் இப்போதைய நார்மலை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் நோய் இல்லாமலேயே அது சற்று ஏறி நிற்கும். 1965இல் கண்டுபிடித்த பழைய ஆள்தான் இந்த சி.இ.ஏ. ஆனாலும் ஓரளவு உழைக்கிறது, செலவும் குறைவு. நாம் அதைத் தள்ளிவைக்கவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு மிச்சத்தை ரத்தத்தில் தேடுவது புதிய யோசனை ஒன்றும் இல்லை. புராஸ்டேட் சுரப்பியை முழுதாக எடுத்த ஒருவருக்குச் சில வாரங்களில் அந்தச் சுரப்பி சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதம் ரத்தத்தில் ஏறக்குறைய காணாமல் போய்விட வேண்டும். திரும்பத் தலைகாட்டினால் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று பொருள். தைராய்டை எடுத்து அயோடின் சிகிச்சையும் முடித்தவருக்குத் தைரோகுளோபுலின் என்ற தைராய்டுப் புரதம் அந்த வேலையைச் செய்கிறது. குடலில் அந்த வசதி கிடையாது. குடலுக்கென்று மட்டும் ஒரு பொருள் ரத்தத்தில் இல்லை. அதனால்தான் கட்டியின் டி.என்.ஏ.வையே தேடக் கிளம்பினார்கள்.

ரத்தத்தில் டி.என்.ஏ. மிதக்கிறது என்பது 1948லேயே தெரியும். செல்கள் சாகும்போது அவற்றின் டி.என்.ஏ. துண்டு துண்டாக உடைந்து ரத்தத்தில் கலக்கிறது. ஒவ்வொரு துண்டும் சுமார் 160, 170 எழுத்து நீளம் இருக்கும். சில மணி நேரத்துக்குள் ஈரலும் மற்ற உறுப்புகளும் அதைத் துடைத்துவிடும். புற்றுநோய்ச் செல்லும் இப்படித்தான் சாகிறது, தன் தவறான எழுத்துகளோடு கூடிய துண்டுகளை விட்டுவிட்டுப் போகிறது. கட்டியை எடுத்த பிறகும் அந்தத் துண்டுகள் ரத்தத்தில் தெரிந்தால், அவற்றைக் கொட்டுகிற செல்கள் உடம்பில் எங்கோ இருக்கின்றன. சி.டி. ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சிறியவையாகவே இருந்தாலும் சரி. லேப்காரர்கள் இதை எம்.ஆர்.டி. டெஸ்ட் என்பார்கள். மிச்ச நோய் என்று அர்த்தம். ரத்தப் புற்றுநோய் டாக்டர்களிடமிருந்து நாங்கள் கடன் வாங்கிய சொல் அது.

இதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, உங்கள் அப்பாவின் கட்டியின் டி.என்.ஏ.வை முதலில் முழுதாகப் படித்து, அதில் மட்டுமே இருக்கும் பத்துப் பதினாறு மாற்றங்களைக் குறித்துக்கொண்டு, அவருக்கென்றே ஒரு டெஸ்ட்டைத் தயார் செய்து, பிறகு ரத்தத்தில் தேடுவது. திருடனின் அங்க அடையாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் தேடுவதைப் போல. மற்றது, கட்டியைப் பார்க்காமலே, குடல் புற்றுநோயில் பொதுவாக வரும் மாற்றங்களை ரத்தத்தில் தேடுவது. இது சீக்கிரம் முடியும், ஆனால் ஏமாறும் வாய்ப்பும் கூடுதல். வயதாக ஆக எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் வெள்ளணுக்களிலும் சில மாற்றங்கள் தானாகவே சேர்ந்துவிடும். 61 வயதில் அது அபூர்வம் இல்லை. வெள்ளணுவையும் கூடவே படித்து ஒதுக்காவிட்டால், அதையே புற்றுநோய் என்று டெஸ்ட் சொல்லிவிடக்கூடும். எந்த ரகம் என்று லேபில் கட்டாயம் கேளுங்கள். முழு உடல் செக்கப் பேக்கேஜில் "கேன்சர் மார்க்கர்" என்று சேர்த்துக் கொடுப்பது இது இரண்டும் இல்லை. அதில் பணத்தைப் போடாதீர்கள்.

சரி, நெகட்டிவ் வந்தால் நிம்மதியா? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். சோறு பானை முழுக்க ஒரே மாதிரி வெந்திருப்பதால் அந்தப் பழமொழி செல்லும். இங்கே அது செல்லாது. ஒரு குழாய் ரத்தத்தில் மொத்தமாகவே சில ஆயிரம் செல்களுக்குரிய டி.என்.ஏ.தான் கிடைக்கும். கட்டியின் பங்கு லட்சத்தில் ஒன்றாக இருந்தால், நாம் எடுத்த குழாயில் அந்த ஒன்று வராமலே போகலாம். அரிசி மூட்டையில் ஒரு கல் கிடக்கிறது. நீங்கள் அள்ளிய கைப்பிடியில் இல்லை, அவ்வளவுதான். பதினாறு மாற்றங்களைச் சேர்த்துத் தேடுவதும், இரண்டு மூன்று முறை ரத்தம் எடுப்பதும் இந்தக் குறையை ஈடுகட்டத்தான். அப்புறம், எல்லா இடத்து நோயும் ஒரே அளவு கொட்டுவதில்லை. ஈரலில் இருப்பது நன்றாகக் காட்டிக்கொடுத்துவிடும். வயிற்று உறையில் ஒட்டியிருப்பதும், நுரையீரலில் சிறு புள்ளியாக இருப்பதும் பல நேரம் வாய் திறப்பதே இல்லை.

ஆஸ்திரேலியாவில் ஜீன் டை என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். எல்லாரும் உங்கள் அப்பாவைப் போல இரண்டாம் நிலைக் குடல் புற்றுநோய்க்காரர்கள். ஆபரேஷனுக்குப் பின் கீமோ எடுக்காத 178 பேரில் 14 பேருக்கு ரத்தத்தில் கட்டி டி.என்.ஏ. இருந்தது. அந்த 14 பேரில் 11 பேருக்கு நோய் திரும்பி வந்தது. இல்லை என்று வந்த 164 பேரில் 16 பேருக்குத் திரும்பியது. இந்த இரண்டு கணக்கையும் சேர்த்தே பாருங்கள். பாசிட்டிவ் என்றால் ஆபத்து மிக அதிகம். ஆனால் திரும்ப வந்த மொத்தம் 27 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நெகட்டிவ் என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள். அதற்குப் பிறகு டெஸ்ட்டின் கூர்மை கூடியிருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் நெகட்டிவ் ரிப்போர்ட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு சி.டி. ஸ்கேனுக்கு வராமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் ஒன்றரை வருடம் கழித்து வயிற்றில் நீர் கோத்து வந்தார்.

உங்கள் சித்தப்பா மகன் அனேகமாகப் படித்திருக்கக்கூடியது அதே குழுவின் அடுத்த ஆய்வை. டைனமிக் என்று பெயர். 2022இல் வெளிவந்தது. இரண்டாம் நிலை நோயாளிகள் 455 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நான்காவது வாரமும் ஏழாவது வாரமும் ரத்தம் எடுத்து, பாசிட்டிவ் என்றால் மட்டும் கீமோ. மற்றப் பிரிவுக்கு டாக்டர்கள் வழக்கம்போல ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவெடுத்தார்கள். வழக்கமான பிரிவில் 28 சதவீதம் பேர் கீமோ எடுத்தார்கள், டெஸ்ட் பிரிவில் 15 சதவீதம் பேர்தான். இரண்டு வருடம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் டெஸ்ட் பிரிவில் 93.5 சதவீதம், மற்றதில் 92.4 சதவீதம். ஐந்து வருடக் கணக்கும் இதே போக்கில்தான் இருக்கிறது.

இதைப் படித்தவுடன் எல்லாரும் டெஸ்ட் ஜெயித்துவிட்டது என்கிறார்கள். ஜெயித்தது எதில் என்று பாருங்கள். டெஸ்ட் எடுத்தவர்கள் கூடுதலாகப் பிழைக்கவில்லை. அதே அளவு பிழைத்தார்கள், ஆனால் பாதிப் பேர்தான் கீமோ வாங்கினார்கள். உங்கள் அம்மா வளையலைக் கழற்றியபோது அவர் மனதில் இருந்தது, இதை எடுக்காவிட்டால் இவர் உயிர் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்துக்கு இந்த ஆய்வில் ஆதாரம் இல்லை. பணம் இல்லாமல் இந்த டெஸ்ட்டை எடுக்கவில்லை என்றால் அப்பாவுக்கு நீங்கள் துரோகம் செய்ததாக ஆகாது. அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

கீமோவைத் தவிர்ப்பது சின்ன விஷயம் என்றும் நான் சொல்ல மாட்டேன். இரண்டாம் நிலையில் ஆபரேஷன் மட்டுமே பத்துக்கு எட்டுப் பேரைக் குணப்படுத்திவிடுகிறது. பிரிட்டன் டாக்டர்கள் 3,239 பேரை வைத்துச் செய்த குவாசர் ஆய்வு 2007இல் சொன்ன கணக்குப்படி, இந்த நிலையில் நூறு பேருக்குக் கீமோ கொடுத்தால் அதனால் கூடுதலாகப் பிழைப்பவர்கள் மூன்று நான்கு பேர். மீதிப் பேர் பலனில்லாமல் பக்கவிளைவை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் விரலும் பாதமும் மரத்துப்போகும், குளிர்ந்த நீரில் கைவைத்தால் ஷாக் அடித்ததுபோல் இருக்கும். சிலருக்கு அது வருடக்கணக்கில் போகாது. முப்பது வருடம் சில்லறை எண்ணிய விரல்களுக்குச் சட்டைப் பொத்தான் பிடிபடாமல் போவது லேசான விஷயம் இல்லை.

பாசிட்டிவ் வந்தால் என்ன ஆகும்? இதைத்தான் ரத்தம் கொடுப்பதற்கு முன்பே யோசிக்க வேண்டும், யாரும் யோசிப்பதில்லை. முதலில் ஸ்கேனை ஒழுங்காகத் திரும்ப எடுப்போம். ஈரலில் ஒரே ஒரு கட்டி கண்ணில் பட்டால் அது அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். அதை வெட்டியெடுத்துக் குணமாக்க முடியும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் அது திரிசங்கு நிலை. நோய் இருக்கிறது, இடம் தெரியாது. உங்கள் அப்பாவுக்கு இன்னும் கீமோ ஆரம்பிக்காததால், கொடுப்பதற்கு ஒரு மருந்தாவது கையில் இருக்கிறது. டைனமிக் ஆய்வில் பாசிட்டிவ் ஆனவர்களுக்குக் கீமோ கொடுத்தபோது, மூன்று வருடத்தில் 86 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள். 14இல் 11 என்ற பழைய கணக்கோடு ஒப்பிட்டால் இது நம்பிக்கை தருகிறது. ஆனால் பாசிட்டிவ் ஆனவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கீமோ கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அல்ல அது.

அப்படிப் பிரித்துப் பார்க்க அமெரிக்காவில் கோப்ரா என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. பாசிட்டிவ் ஆனவர்களில் கீமோ எடுத்த 9 பேரில் ஒருவருக்குத்தான் ஆறு மாதத்தில் ரத்தம் சுத்தமானது. கீமோ இல்லாமல் சும்மா கண்காணித்த 7 பேரில் 3 பேருக்குச் சுத்தமாகிவிட்டது! மருந்தில்லாமல் நோய் ஓடிவிடவில்லை. முதலில் சொன்ன பாசிட்டிவே தவறாக இருந்திருக்க வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கட்டியைப் படிக்காமல் ரத்தத்தில் மட்டும் தேடிய ரகம் அது. எந்த ரகம் என்று கேளுங்கள் என்று மேலே சொன்னது இதனால்தான்.

முன்னாலேயே தெரிந்துகொண்டால் நல்லதுதானே என்று எல்லாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. கர்ப்பப்பையை ஒட்டிய சினைப்பைப் புற்றுநோயில் சி.ஏ.125 என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. அது ஏறிய உடனே கீமோ ஆரம்பித்தவர்களையும், அறிகுறி வரும்வரை காத்திருந்து ஆரம்பித்தவர்களையும் 2010இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 529 பெண்கள். ஆயுளில் வித்தியாசம் இல்லை. சீக்கிரம் ஆரம்பித்தவர்கள் கூடுதல் நாட்கள் கீமோவில் கழித்ததுதான் மிச்சம். குடல் வேறு, சினைப்பை வேறு. ஆனால் சீக்கிரம் தெரிந்ததை வைத்துச் சீக்கிரம் செய்ய ஒரு நல்ல காரியம் இருக்க வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் அப்படி ஒன்று கிடைத்துவிட்டது. ரத்தத்தில் பாசிட்டிவ் ஆனவர்களுக்கு மட்டும் அட்டெசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி கொடுத்தபோது ஆயுளே நீண்டது என்று 2025இல் வந்த ஆய்வு சொல்கிறது. குடலில் நாம் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. மூன்றாம் நிலை நோயாளிகளில் பாசிட்டிவ் வந்தவர்களுக்குக் கீமோவை இன்னும் பலமாக்கிப் பார்த்தார்கள், பலன் கூடவில்லை. ஆகவே மூன்றாம் நிலையில் இருக்கும் வேறு யாராவது இதைப் படித்தால், நெகட்டிவ் ரிப்போர்ட்டைக் காட்டிக் கீமோவை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். எம்.எம்.ஆர். புரதம் இல்லை என்று வந்திருந்தால், கீமோவும் வேண்டாம், இதற்காக லட்ச ரூபாயும் வேண்டாம். நான்கு புரதமும் இருந்து, ரிப்போர்ட்டில் ரத்தக் குழாய்க்குள் நோய் புகுந்திருக்கிறது, குடல் அடைத்திருந்தது, ஓட்டை விழுந்திருந்தது என்று எதுவும் இல்லாவிட்டால், கீமோ இல்லாமல் கண்காணிப்பில் இருப்பது தவறே இல்லை. 18 நெறிக்கட்டி எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 12 இருந்தாலே போதும் என்போம். ஆபரேஷன் செய்தவர் கவனமாகச் செய்திருக்கிறார். இரண்டும் கெட்டானாக ஏதோ ஒரு ஆபத்துக் குறி இருந்து, டாக்டர் நிஜமாகவே இப்படியா அப்படியா என்று தடுமாறுகிறார் என்றால், அங்கேதான் இந்த டெஸ்ட்டுக்கு வேலை. அப்போதும் கடன் வாங்காமல் முடிந்தால் மட்டும். டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "நெகட்டிவ் வந்தால் கீமோ இல்லாமல் விடுவீர்களா? பாசிட்டிவ் வந்தால் கொடுப்பீர்களா?" இரண்டுக்கும் தெளிவாக ஆமாம் என்றால் எடுங்கள். எப்படி வந்தாலும் அவர் ஒன்றையேதான் செய்வார் என்றால் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். கீமோ கொடுப்பதானால் ஆபரேஷன் முடிந்து எட்டு வாரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. உங்களுக்கு ஐந்து வாரம் ஆகிவிட்டது. ரத்தம் எடுக்க இது சரியான சமயம்தான். ஆபரேஷன் முடிந்த உடனே எடுத்தால், வெட்டுப்பட்ட திசுக்களின் டி.என்.ஏ. வெள்ளமாக வந்து தேடுவதை மூழ்கடித்துவிடும். ஆனால் கட்டியைப் படித்து டெஸ்ட் தயார் செய்யவே மூன்று நான்கு வாரம் பிடிக்கும். அதற்குக் கட்டியின் பாரஃபின் பிளாக், அதாவது மெழுகில் பதித்து வைத்த கட்டித் துண்டு, வேண்டும். அது ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியின் பெத்தாலஜி லேபில் இருக்கும், எழுதிக் கொடுத்தால் தருவார்கள்.

டெஸ்ட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மற்றவை அப்படியே நடக்க வேண்டும். மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை சி.இ.ஏ., ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒரு முறை சி.டி., ஒரு வருடத்தில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி. இந்தக் கண்காணிப்பு ஐந்து வருடம்.

கடைசியாக, அப்பாவுக்குத் தெரியாமல் எடுப்பது. எடுக்கக் கூடாது. பாசிட்டிவ் வந்தால் என்ன சொல்லி அவரைக் கீமோ வார்டில் உட்காரவைப்பீர்கள்? அங்கே பக்கத்துப் படுக்கைக்காரர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். முப்பது வருடம் கூட்டத்தில் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து டிக்கெட் கிழித்த மனிதர். வீட்டில் நீங்கள் கிசுகிசுப்பதை அவர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறீர்களா? அனேகமாக அவருக்குத் தெரியும். உங்களுக்காகத் தெரியாததுபோல் இருக்கிறார். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அவரையும் உள்ளே அழைத்துப் போங்கள். "எவ்வளவு விவரம் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று டாக்டரே அவரிடம் கேட்கட்டும். கீமோ வேண்டுமா, டெஸ்ட் வேண்டுமா என்பதில் அவருக்கும் ஒரு கருத்து இருக்கலாம். "எதுவும் வேண்டாம், மாதா மாதம் வந்து காட்டுகிறேன்" என்று சொல்லக்கூடும். அதுவும் இந்த நிலையில் நியாயமான பதில்தான்.

பெத்தாலஜி ரிப்போர்ட்டை இன்றே எடுத்து அந்த நான்கு பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நாளைக் காலை லேபுக்குப் போன் செய்து, பிளாக் பத்திரமாக இருக்கிறதா, எம்.எம்.ஆர். சாயம் போட எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். விடை வந்ததும் எழுதுங்கள்.